கைமருந்தும் மருந்தகமும்: ஓர் அனுபவப் பாடம்



சென்ற ஆண்டுத் திருவிழாவின்போது நம் ஆலய மண்டபத்தில் இலவச இரத்தப் பரிசோதனை நடைபெற்றது. பெயர் பதியும் மேசை அடியேனுக்கு ஒதுக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதிய கை அல்லவா, அதனால் போலும்! காலை பத்து மணியளவில் ஓர் அம்மையார் வந்தார். விரல் நுனியில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 19 மில்லிமோல். தாதி பதறிப்போய், "அம்மா, மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எப்பவோ விட்டாச்சும்மா. இப்போ பாகற்காய்ச் சாறுதான். இயற்கை பாரு, ஒண்ணும் பண்ணாது" என்றார் அந்த அம்மையார்.

அடுத்து வந்தவர் நாற்பது வயதுக்காரர். கையில் ரோஸ் சிராப் பாக்கெட். "நான் ஒழுங்கா மாத்திரை போடுறேன் சார். அதனால எது வேணும்னாலும் சாப்பிடலாம்" என்றார். அவருக்கு 14.

இவ்விருவரையும் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. ஏனெனில் வெவ்வேறு காலத்தில் இவ்விருவராகவும் நான் இருந்திருக்கிறேன். செயலவைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "வாத்தியார், இதையே மலருக்குக் கட்டுரையாக எழுதிக் கொடுங்கள்" என்று தலைவர் பணித்தார். நான் மருத்துவன் அல்லன். அறிவியல் பாடம் நடத்தியவன், பதினாறு ஆண்டுகளாக இனிப்புநீர் நோயுடன் வாழ்பவன் என்ற தகுதியில்தான் எழுதுகிறேன்.

நம் சமூகத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பந்தியில் வரிசையாக அமர்ந்திருக்கும் பத்துப் பேரில் மூவர் என்று கொள்ளலாம். நோய் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது, மகிழ வேண்டியதுதான்.

இனி, இலையா மாத்திரையா என்ற வழக்குக்கு வருவோம். நம்மில் பலர் தினமும் விழுங்கும் மெட்பார்மின் மாத்திரையின் வரலாற்றை அறிந்தால் இந்த வழக்கே அடிபட்டுப் போகும். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. ஊதா நிறப் பூப் பூக்கும். அங்குள்ள நாட்டு வைத்தியத்தில் வழங்கி வந்தது. ஆனால் அதையே மேய்ந்த ஆடுகள் நஞ்சேறி மாண்டதும் உண்டு. அந்தச் செடியில் உள்ள குவானிடின் இனப் பொருளுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் இருப்பதை அறிவியலார் கண்டனர். ஆனால் செடியில் உள்ளபடியே எடுத்துக் கொடுத்தால் உடம்பு தாங்கவில்லை. 1922இல் டப்ளின் நகரில் வெர்னர், பெல் என்ற இருவர் அவ்வினத்தைச் சேர்ந்த மெட்பார்மினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். அதே 1922ஆம் ஆண்டு சனவரியில்தான் கனடாவின் தோரோந்தோ நகரில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அந்தப் புகழ் வெளிச்சத்தில் மெட்பார்மினை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அதைக் கையில் எடுத்தவர் நம் அண்டை நாடான பிலிப்பைன்சைச் சேர்ந்த யூசேபியோ கார்சியா என்ற மருத்துவர். அவர் கொடுத்தது சர்க்கரை நோய்க்கு அன்று, புளூ காய்ச்சலுக்கு! 1950 வாக்கில் அதைப் பற்றி எழுதியபோது, இம்மருந்து இரத்தச் சர்க்கரையையும் தணிப்பதைக் குறிப்பிட்டார். பாரிஸ் நகரத்து ஜான் ஸ்டெர்ன் 1957இல் அதை நீரிழிவு மருந்தாகவே நிலைநாட்டினார். ஆக, இன்று ஒரு ரிங்கிட் கட்டி அரசாங்கக் கிளினிக்கில் வாங்கி வரும் மாத்திரைக்கு ஒரு பச்சிலைதான் பாட்டி. செடியில் இருந்த நஞ்சைக் களைந்து, அளவைக் கட்டி, ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பிறகு நம் கைக்கு வந்திருக்கிறது.

அப்படியானால் பாகற்காய், வெந்தயம் எல்லாம் வீணா? இல்லை. வெந்தயத்தை ஊறவைத்தால் கொழகொழவென்று வருகிறதே, அந்த நார்ச்சத்து உணவுச் சர்க்கரை குடலில் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. பாகற்காயில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள்கள் உள்ளன என்பதும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததே. ஆயினும் மனிதர்களிடம் செய்த சோதனைகளில் அதன் பலன் சிறிதாகவும் ஒரே சீராக இல்லாமலும் இருக்கிறது. கறியாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. 19 மில்லிமோலைப் பாகற்காய் இறக்கிவிடும் என்று காத்திருப்பதுதான் கூடாது.

இயற்கை வழி என்று நான் மனமார ஒப்புவது வேறொன்றை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் நீரிழிவின் வாசலில் நின்றவர்கள். நோய் இன்னும் உள்ளே வரவில்லை. உணவை அளந்து, நடையைக் கூட்டியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்பார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 விழுக்காடு. நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போன்ற சோற்றுத் தட்டு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு இது. கால் நடையும் மாத்திரையும் சரிக்குச் சரி நின்றிருக்கின்றன! ஆனால் இது நோய் வருமுன் உள்ள கணக்கு. வந்து குடியேறிய பிறகு பெரும்பாலோருக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது.

நானே வீட்டில் கருவி வைத்துச் சோதித்தேன். இரண்டு ரொட்டி சானாய், டின் பால் ஊற்றிய தே தாரிக் ஒரு குவளை. இரண்டு மணி நேரத்தில் 7இலிருந்து 13ஐத் தாண்டியது. அதே காலை உணவைத் தோசை ஒன்று, அவித்த கொண்டைக்கடலை, சீனி போடாத தேநீர் என்று மாற்றியபோது 9க்குள் நின்றது. அன்று முதல் கோப்பிக் கடை நண்பர்கள் என்னைக் 'கொண்டைக்கடலை வாத்தியார்' என்கிறார்கள். போகட்டும்.

காய்ச்சல் வரும்போதுதான் இந்தப் பாடம் கடினமாகிறது. 2019இல் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி காய்ச்சல் கண்டது. 182 பேர் மாண்டனர். அந்த இலட்சத்துச் சொச்சத்தில் நானும் ஒருவன். வீட்டம்மா பப்பாளி இலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தார். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு! இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. கிள்ளான் பொது மருத்துவமனையில் 228 டிங்கி நோயாளிகளிடம் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. மூன்று நாள் இலைச்சாறு குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் விரைவாக ஏறின.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. "பார்த்தீர்களா, சாறு வேலை செய்துவிட்டது" என்று இருவரும் மகிழ்ந்தோம். வயிறு மட்டும் வலித்தது. இரண்டு தடவை வாந்தி. இனிப்புநீர் மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கினேன். மகள் வற்புறுத்திக் கிளினிக்கிற்கு அழைத்துப் போகாவிட்டால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அங்கிருந்த இளம் மருத்துவர் அன்று எனக்கு ஆசிரியரானார். டிங்கியில் காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாள்தான் கண்டம். அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, இரத்தம் கெட்டிப்படும். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கசிவு தெரியாது. பப்பாளிச் சாறு தட்டணுவை ஏற்றலாம். இக்கசிவைத் தடுக்கும் என்று காட்டப்படவில்லை. கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு ஆகியவை வந்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், ஐபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைத் தூண்டும், ஆகாது.

இன்னொன்றும் சொன்னார். வாந்தி எடுத்து உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தளரும். மெட்பார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தேங்கினால் இரத்தத்தில் அமிலம் கூடிவிடும். ஆகவே அத்தகைய நாளில் மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்திவைக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் தாங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. ஏனெனில் சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும். நோயை எதிர்க்க உடல் சுரக்கும் நீர்கள், ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. கூடிய சர்க்கரையில் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. ஐந்து நாள் உப்பு நீரும் சில வேளை இன்சுலினும் ஏற்றி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கோவிட் காலத்திலும் இதே கதையைக் கண்டோம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது பதினைந்து சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் வீட்டுக்கு வீடு கொதித்தது. தொண்டைக்கு இதம், மனத்துக்குத் தெம்பு. குறை சொல்ல மாட்டேன். மூச்சுத் திணறியவர்களைப் பிழைக்க வைத்ததில் பிராணவாயுவுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற மலிவான மருந்துக்கும் பெரும் பங்குண்டு. அம்மருந்தோ சர்க்கரையை ஏற்றும். ஆக, ஒருபுறம் உயிரைக் காத்து மறுபுறம் இன்சுலின் ஊசி தேவைப்பட்டது.

கார்சியாவின் பழைய கணக்கும் இங்கே மீண்டும் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் உடல் பருத்தவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. கோவிட் கண்டவுடன் இரண்டு வாரம் மெட்பார்மின் எடுத்தவர்களில் 6.3 விழுக்காட்டினருக்கு நீண்டகாலக் கோவிட் தொல்லை கண்டறியப்பட்டது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 10.4 விழுக்காடு. ஆனால் அதே சோதனையில் முதன்மையாக எதிர்பார்த்த பலன், அதாவது பிராணவாயு குறைதல், மருத்துவமனை, மரணம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, தெளிவாக மெய்ப்படவில்லை. எனவே யாரும் பக்கத்து வீட்டு மாத்திரையை இரவல் வாங்கி விழுங்கிவிட வேண்டாம்.

இதுவரை எழுதியது எளிது. என் தம்பியைப் பற்றி எழுதச் சற்றுத் தயங்கினேன். அவனே அனுமதி தந்தான்.

2011இல் யாரோ அவனிடம், "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். நம்மிடையே இதைவிடப் பரவலான பேச்சு இல்லை. மெட்பார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர்களுக்கு மருத்துவர் அதன் அளவைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். அதைப் பார்த்தவர்கள் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். தம்பி மாத்திரையை நிறுத்தி, வீடு வீடாக வந்து விற்ற ஒருவரிடம் மூலிகைப் பொடி வாங்கினான். லேபிள் இல்லை, எண் இல்லை. ஏழாண்டுகள். நான் அப்போது தலைமை ஆசிரியர் வேலையில் மூழ்கியிருந்தேன், ஒரு முறைகூட "உன் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்கவில்லை. 2018 முதல் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ்.

நம் நாட்டில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துகளின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எண்களுக்குப் பின் டி என்று முடியும் பதிவெண் இருக்கும். பதிவில்லாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் சர்க்கரை மருந்தையும் ஸ்டீராய்டையும் ரகசியமாகக் கலந்து விற்றதை அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. 'இயற்கை' என்று நம்பி, அளவு தெரியாத ஆங்கில மருந்தையே சாப்பிட்டவர்கள் அவர்கள்.

இவ்வாண்டு அன்னதானத்தில் பாயசத்தை நிறுத்தலாம் என்று செயலவையில் முன்மொழிந்தேன், தோற்றேன். கிண்ணத்தைச் சிறிதாக்குவதற்கும் சுண்டலைக் கூட்டுவதற்கும் ஒப்புக்கொண்டார்கள். பரிசோதனை முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம். தம்பிக்குச் செவ்வாய், வியாழன், சனி முறை. "பதிவு மேசையில நான் உக்கார்றேன் அண்ணே. என் கையைப் பார்த்தா கேப்பாங்க" என்றான். ஊசி ஏறி ஏறிப் புடைத்த கை அது.

முகாம் காலை எட்டு மணிக்குத் தொடங்கும். வருகிறவர்கள் மாத்திரைப் பையையும் கஷாயப் பொட்டலத்தையும் சேர்த்தே கொண்டு வரும்படி வேண்டுகிறேன். யாரும் ஏச மாட்டோம்.