பகா எண் என்று நம்பப்பட்ட 21 இலக்கம்

2-ஐ 67 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 147573952589676412927. நம் வழக்கில் ஏறத்தாழ 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. 1644-இல் மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். அது பகா எண் அல்ல. ஆனால் இந்த எண்ணை ஒட்டிய தவறான நம்பிக்கைகள் இன்னும் உலவுகின்றன.

நம்பிக்கை: அடுக்கு பகா எண்ணானால் விடையும் பகா எண்தான்.

2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்கு 3, 7, 31, 127 என்று பகா எண்களே வருவதால் எழும் மயக்கம் இது. அடுத்த அடுக்கான 11-லேயே பொய்த்துவிடுகிறது: 2047 = 23 × 89. மெர்சென் 257 வரை சொன்ன பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டுப்போயின.

நம்பிக்கை: காரணியைக் காட்டினால்தான் ஓர் எண்ணைப் பகு எண் எனலாம்.

இதைத்தான் முக்கியமாகத் திருத்த வேண்டும். 1876-இல் எத்வார் லூகாஸ் என்ற கணிதவியலாளர் ஒரு காரணிகூடக் காணாமல் நம் எண் பகு எண் என்று நிறுவினார். அவர் வழியைப் பின்னர் லெமர் என்ற கணிதவியலாளர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்குங்கள்; வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்தபின் மீதி 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். 31-க்கு (அடுக்கு 5) மூன்றே தடவை: 14, 194, மீதி 8, 62, மீதி 0. என்ன அழகான சோதனை! 67-க்கு 65 தடவை செய்தாலும் 0 வராது.

ஆகவே, 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல்தான் மெர்சென் கூற்றை முதலில் உடைத்தார் என்பது சரியல்ல. அவர் தந்தது காரணிகளை: 193707721 × 761838257287. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு வகுத்துத் தேடிய பலன் அல்ல. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும். சிறிய காரணி 134 × 1445580 + 1. இருபடி எச்சங்களை (வர்க்க எண்களை வகுக்கும்போது வரும் மீதிகளை) கொண்டு தேடலை இன்னும் குறுக்கினார் கோல்.

நம்பிக்கை: கணினிக்கு எந்த எண்ணும் எளிது.

பகா எண்ணா என்று சோதிப்பது எளிதுதான். எல்லா எண்களுக்கும் பொருந்தும் விரைவான, உறுதியான சோதனையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா தந்தார்கள். காரணிகளாகப் பிரிப்பது வேறு. 2020-இல் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் (இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலன்) ஒன்றைப் பிரிக்கப் பல கணினிகள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ எண்களுக்கு 617 இலக்கம்.