சுவருக்கு ஏற்ற சாயம்

தீபாவளி நெருங்கினால் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா முதலிய கோலசிலாங்கூர் வட்டார ஊர்களில் சாயம் விற்கும் கடைகளில் கூட்டம் கூடும். ஆண்டு முழுவதும் அழுக்கேறிய சுவர்களைப் பண்டிகைக்குள் புதுப்பித்துவிட வேண்டும் என்பது ஒவ்வொரு குடும்பத்தின் ஆவல். ஆனால், பண்டிகைக்குப் பூசிய சாயம் சில மாதங்களிலேயே கறைபடிந்து உரிந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் தவறான தேர்வும் அவசரமும்தான்.

முற்காலத்தில் தோட்டப்புற லயன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். நீரில் கரைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துச் சுவரின் மேல் மெல்லிய சுண்ணாம்புக்கல் படலமாக மாறும். அதன் காரத்தன்மையால் பூச்சிகளும் கிருமிகளும் எளிதில் அண்டா. விலையும் மலிவு. எனினும், சாய்ந்தால் முதுகில் ஒட்டும். ஈரத்துணியால் துடைத்தால் கறையோடு சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிடும். அதனால்தான் அதனை அடிக்கடி அடிக்க வேண்டியிருந்தது.

இன்றைய சாயத்தில் நிறம் தரும் நிறமி, அதனைச் சுவரோடு பிணைக்கும் பசைப்பொருள், இவற்றைக் கரைத்துப் பூச உதவும் நீர் அல்லது வேறு திரவம், பூஞ்சணத்தைத் தடுப்பது போன்ற பணிகளுக்கான துணைப்பொருள்கள் என நான்கு கூறுகள் உள்ளன. பசைப்பொருள் போதிய அளவில் இருந்தால், காய்ந்தபின் நிறமித் துகள்களைச் சுற்றி இடைவெளியற்ற படலம் உருவாகும். அழுக்கு அதன் மேலேயே தங்குவதால் துடைத்தால் போய்விடும். பசைப்பொருள் குறைந்த மலிவான சாயத்தில் நுண்துளைகள் மிகும். கறை உள்ளே ஊறிவிடும். கழுவக்கூடிய சாயத்தின் இரகசியம் இதுவே.

எல்லா அறைக்கும் ஒரே சாயம் பொருந்தாது. பளபளப்பு மிகுந்த சாயத்தைத் துடைப்பது எளிது. ஆனால், அது சுவரின் மேடுபள்ளங்களைக் காட்டிக் கொடுக்கும். பளபளப்பற்ற சாயம் குறைகளை மறைக்கும். ஆனால், கறையைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும் சமையலறைக்கும், சிறுவர்கள் கைவைத்து ஓடும் நடைவழிக்கும் ஓரளவு பளபளப்புள்ள, கழுவக்கூடிய சாயம் ஏற்றது. கை எட்டாத கூரைக்குப் பளபளப்பற்ற சாயமே போதும்.

நல்ல சாயமும் கெட்ட சுவரில் நிலைக்காது. பழைய சுண்ணாம்பின் மேல் நேரடியாகப் பூசினால் அத்தூளோடு சேர்ந்து புதிய சாயமும் உரியும். எனவே, முதலில் அதனைச் சுரண்டி நீக்கி, அடிப்பூச்சு இட வேண்டும். ஈரம் கசியும் இடத்தையும் பூஞ்சணத்தையும் மூடி மறைப்பதால் பயனில்லை. கசிவைச் சரிசெய்து, பூஞ்சணத்தைக் கழுவி, சுவரை உலரவிட வேண்டும். தீபாவளிக் காலமோ மழைக்காலம். ஈரக்காற்றில் சாயம் மெதுவாகவே காயும். தொட்டால் ஒட்டாத நிலையை அது சில மணி நேரத்தில் அடைந்தாலும், முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குமுன் தேய்த்துக் கழுவினால் படலம் கெடும். ஒரு மாதத்திற்கு முன்பே வேலையைத் தொடங்குவது நன்று.

பழைய வீடுகளில் மற்றோர் ஆபத்தும் மறைந்திருக்கக்கூடும். முன்பு கதவு, சன்னல், மரச்சுவர்களுக்குப் பூசிய எண்ணெய்ச் சாயங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சிறுவர்களைத் தாக்கிய ஈய நஞ்சுக்கு வீட்டுச் சாயமே காரணம் என மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே, பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பக்கூடாது. ஈரப்படுத்தியே சுரண்ட வேண்டும். சிறுவரை அப்போது அப்பால் வைத்திருக்க வேண்டும். புதிய சாயத்தை வாங்கும்போது, ஈயம் சேர்க்கப்படாதது எனக் கலனில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

செலவையும் கணக்கிடலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். கதவு, சன்னலுக்கு 4 சதுர மீட்டரைக் கழித்தால் 38. இருமுறை பூச 76. ஒரு லிட்டர் சாயம் 10 சதுர மீட்டருக்குப் போதுமெனில் ஏறக்குறைய 8 லிட்டர் தேவை. கழுவக்கூடிய சாயத்தின் விலை இரு மடங்காக இருந்தாலும், அது நான்கு ஆண்டுகள் நீடித்தால், மலிவான சாயத்தை ஆண்டுதோறும் பூசுவதைவிடச் சாயச்செலவு பாதியாகக் குறையும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர். உடல்நலத்தைக் குறிக்கும் இப்பழமொழி வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். சுவரைச் செப்பனிட்டு, ஏற்ற சாயத்தைத் தேர்ந்தெடுத்து, பொறுமையோடு பூசினால் வீட்டின் அழகோடு அதில் வாழ்வோரின் நலமும் காக்கப்படும்.