மரபணு மூடப்பட்ட எலிகள்

அன்புள்ள யாழினி,

உயிரும் இல்லாத, மரபணுவும் இல்லாத பிரியான் எப்படிப் பெருகுகிறது என்று கேட்டிருந்தாய். அது தானாகப் பெருகுவதில்லை. நம் நரம்பணுக்கள் இயல்பாகவே செய்யும் ஒரு புரதம்தான் அதற்குத் தீனி. பிரியான் என்பது அதே புரதத்தின் உருக்குலைந்த வடிவம்; அது பக்கத்தில் இருக்கும் நல்லதையும் தன்னைப் போலவே மடித்துவிடும். பாலில் விட்ட உறைமோர் மாதிரி. பாலே இல்லாத பாத்திரத்தில் எவ்வளவு உறை ஊற்றினாலும் தயிர் ஆகாது அல்லவா?

அதைத்தான் சூரிச்சில் சார்லஸ் வைஸ்மன் குழுவினர் செய்துபார்த்தார்கள். 1992-இல் அந்தப் புரதத்தின் மரபணு செயல்படாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். மறு ஆண்டு வெளியான சோதனையில், ஆட்டு நோயான ஸ்கிரேப்பியின் பிரியானை மூளைக்குள் செலுத்தியும் அவற்றுக்கு நோய் வரவில்லை. மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருந்த எலிகளுக்கு நோய் வந்தது, ஆனால் வெகுநாள் தாமதித்து.

ஆனால் நோயாளியின் உடலில் புரதம் ஏற்கெனவே இருக்கிறதே? என்னை மிகவும் பாதித்தது இதற்கு விடை தேடிய சோதனை. லண்டனில் ஜியோவானா மலூச்சியும் சகாக்களும் எலிகளைப் பிறந்த சில வாரங்களில் பிரியானுக்கு உள்ளாக்கினார்கள். வளர்ந்த பிறகு, நரம்பணுக்களில் மட்டும் கிரீ என்ற நொதி விழித்து அந்த மரபணுவை வெட்டியெறியும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்குள் மூளைத் திசுவில் ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல் கண் கண்ணாகத் துளைகள் விழத் தொடங்கியிருந்தன. மரபணு வெட்டுப்பட்டதும் அந்தத் துளைகள் மறைந்தன! மற்ற எலிகள் மாண்டன, இவை வாழ்ந்தன. இது 2003-இல் வெளிவந்தது. இன்னும் வியப்பு என்னவென்றால், கிளியா என்னும் துணைச் செல்களில் உருக்குலைந்த புரதம் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருந்தது. குவிந்த குப்பையைவிட, நரம்பணுவுக்குள்ளேயே நடக்கும் உருமாற்றம்தான் கொல்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

துளைகள் மறைந்ததோடு நடத்தையும் மீண்டது. குழாய்க்குள் நிரப்பிய தீனி உருண்டைகளைக் காலால் வெளியே தள்ளுவது எலியின் பழக்கம். நோய் தொடங்கியதும் அதை விட்டுவிடும். மரபணு வெட்டுப்பட்ட எலிகள் மறுபடியும் தள்ளத் தொடங்கின. அதே குழுவின் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

புரத உற்பத்தியை அடியோடு நிறுத்துவதில் ஒரு கவலை உண்டு. இந்தப் புரதமே இல்லாத எலிகளுக்கு முதுமையில் புற நரம்புகளின் மயலின் உறை சிதைகிறது. அதனால் அந்த ஒற்றைப் பிரதி எலிகளை மறந்துவிடாதே. உற்பத்தி குறைந்தாலே நோய் தள்ளிப்போகும் என்று காட்டியவை அவை. மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவை அழித்துப் புரதத்தைக் குறைக்கும் மருந்து இப்போது மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது.

அன்புடன்,
சித்தப்பா