கதவு அட்டை லொடலொடத்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

கார் வேலை பழக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எஞ்சினைத் தொட்டுவிடத் துடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் கதவில் தொடங்குங்கள் என்பேன். கண்ணாடி ஏறவில்லை, லாக் விழவில்லை, ஸ்பீக்கர் மாற்ற வேண்டும், கதவில் விழுந்த டொக்கை உள்பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்று எந்த வேலை வந்தாலும் முதலில் கழற்றுவது டோர் பேடைத்தான். அதை உடைக்காமல் கழற்றி, ஆடாமல் திரும்ப மாட்டத் தெரிந்தவரிடம் வேலையை ஒப்படைக்க எந்த ஒர்க்ஷாப்பிலும் தயங்க மாட்டார்கள். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிப்பு 2 வருடம். அதில் சேர்வதற்கு முன்பே, வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரில் இந்த ஒரு வேலையைப் பழகிவிடலாம்.

மாருதி 800 கிடைத்தால் இன்னும் நல்லது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி அது. கதவுக்குள் ஒயர் குறைவு, கண்ணாடியைக் கையால்தான் சுற்ற வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும்.

டோர் பேட் என்பது பெரும்பாலான பழைய கார்களில் ஒரு ஹார்ட்போர்டு அட்டை. அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்சு. அதற்கும் மேல் ரெக்சின் அல்லது துணி. அட்டையின் ஓரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிளிப்புகள் கதவுத் தகட்டின் துளைகளில் போய் உட்கார்ந்திருக்கும். அட்டை ஆடினால் கிளிப் போய்விட்டது என்று புதுக் கிளிப் வாங்கிச் சொருகுகிறோம். இரண்டு மழை தாங்கும், பிறகு மறுபடி லொடலொட. ஏனென்றால் பல கதவுகளில் கிளிப் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்திருக்கும் அட்டைதான் தண்ணீர் குடித்து, உப்பி, வறட்டி போல உதிர்ந்திருக்கும்.

கதவுக்குள் தண்ணீர் போவது தப்பில்லை. கண்ணாடியில் வழியும் மழைநீர் ரப்பர் பீடிங்கைத் தாண்டி உள்ளே இறங்கத்தான் செய்யும். கதவின் அடி ஓரத்தில் இருக்கும் சிறு துளைகள் வழியே அது வெளியேற வேண்டும். அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் பாலிதீன் ஷீட் அந்த ஈரத்தை அட்டைப் பக்கம் வரவிடாது. ஷீட்டைக் கிழித்துப் போட்டாலோ, அடித்துளையை மண் அடைத்தாலோ அட்டைக்கு ஆயுசு கிடையாது. நான்கு கிளிப்பை மாற்றிவிட்டு இந்த இரண்டையும் பார்க்காமல் விடுவதை வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டு 800-இல் டிரைவர் பக்க அட்டை ஆடியபோது ஒரு கடையில் விட்டோம். பத்தே நிமிடத்தில் ரெக்சினுக்கு மேலேயே நீளமான ஸ்குரூ நான்கு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அட்டை அசையவில்லை. ஆனால் கண்ணாடியை இறக்கியதும் கர்ரென்று ஒரு சத்தம். ஒரு ஸ்குரூவின் முனை, கதவுக்குள் கண்ணாடி ஓடும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். வண்டியை விற்கும் வரை அந்தக் கோடு போகவில்லை. அதற்குப் பிறகுதான் மதுரையில் ஒரு குஷன் கடை அண்ணனிடம் போய் உட்கார்ந்து இந்த வேலையை ஒழுங்காகப் பார்த்துப் பழகினேன்.

கழற்றுவதில்தான் நிதானம் வேண்டும். மறைந்திருக்கும் ஸ்குரூக்களை முதலில் எடுத்துவிடுங்கள். ஆர்ம்ரெஸ்டின் அடியில், உள் கைப்பிடிக் கிண்ணத்துக்குள், சின்ன மூடிகளுக்குப் பின்னால் அவை இருக்கும். கண்ணாடி சுற்றும் ஹேண்டிலில் ஸ்குரூ தெரியாவிட்டால், அதன் கழுத்துக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பிக் கிளிப் இருக்கிறது என்று பொருள். ஹேண்டிலுக்கும் வட்ட வாஷருக்கும் நடுவே ஒரு பருத்தித் துணி நாடாவைக் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தயிர் கடைவது போல மாற்றி மாற்றி இழுங்கள். துணியின் நூல் கம்பியில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். தெறித்து ஓடும், கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் எந்தச் சாய்வில் இருந்தது என்று கழற்றுமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பவர் விண்டோ வண்டி என்றால் பேட்டரி ஒயரை முதலில் கழற்றுவது நல்ல பழக்கம். கதவில் ஏர்பேக் சம்பந்தப்பட்ட எழுத்தோ மஞ்சள் ஒயரோ தெரிந்தால், பழகும் கட்டத்தில் அந்தக் கதவைத் தொட வேண்டாம்.

இனி அட்டை. “தம்பி, அட்டையைப் புடிச்சு இழுக்காத. கிளிப்பு எங்கன்னு பாரு, அதுக்குப் பக்கத்துல நெம்பு” என்று அண்ணன் முதல் நாளே சொன்னதுதான் இந்த வேலையின் பாதி. அடி ஓரத்தில் தொடங்குங்கள். அகலமான பிளாஸ்டிக் பட்டையோ, இன்சுலேஷன் டேப் சுற்றிய பட்டி பார்க்கும் தகடோ போதும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயின்டும் போகும், அட்டையும் கிழியும். எல்லாக் கிளிப்பும் விட்ட பிறகு அட்டையை மேல்நோக்கித் தூக்கி எடுங்கள். பல வண்டிகளில் மேல் ஓரம் கண்ணாடிப் பள்ளத்தில் கொக்கி போட்டு நிற்கும்.

கழற்றும் ஸ்குரூக்களை இட்லித் தட்டில் வையுங்கள். ஒரு குழிக்கு ஓர் இடத்து ஸ்குரூ, கழற்றிய வரிசையில். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வந்தால் போதும்.

அட்டை கையில் வந்ததும் அதன் முதுகைப் பாருங்கள். அடி ஓரத்தில் கறுத்த ஈரத்தடம் இருந்தால் தண்ணீர் பிரச்சினைதான். ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்புறம் ஊற்றி, கதவின் அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லையென்றால் துளைகளை ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டையால் குத்திவிடுங்கள். இரும்புக் கம்பி பெயின்டைச் சுரண்டும், அங்கே துரு பிடிக்கும். ஷீட் கிழிந்திருந்தால் கெட்டியான பாலிதீனில் புதிதாக வெட்டி, பிசுபிசுப்பான பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள். அதன் அடி ஓரத்தைக் கதவுக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வழியும் நீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழும். வெளியே மடித்து ஒட்டினால் நீர் நேராக அட்டைக்கும் கால்மிதிக்கும் வரும்.

உப்பிய அட்டையை நிழலில், பாரம் வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கிளிப் துளை பெரிதாகிவிட்டிருந்தால் 1 மி.மீ. அளவுள்ள பிளாஸ்டிக் தகட்டை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, அதில் கிளிப்புக்கான துளையிட்டு, பின்பக்கம் அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் தொடுங்கள். கெட்டித் தகடு வேண்டாம். அது அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கிளிப் முழுதாக இறங்காது. அட்டை பாதிக்கு மேல் போயிருந்தால் ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்காமல், பழையதைப் புது அட்டைமேல் வைத்து வரைந்து வெட்டி, ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

ரெக்சின் எழும்பியிருந்தால் மரவேலைக்கான வெள்ளைப் பசை பயன்படாது. வெயிலில் நிற்கும் கார் அதை விட்டுவைக்காது. ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை வாங்குங்கள். பொடியாகிப்போன ஸ்பாஞ்சைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

புதுக் கிளிப் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தண்டு அரை மி.மீ. மெலிந்திருந்தாலும் நிற்காது. சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. தேவைக்கு மேல் நான்கு வாங்குங்கள், வெயிலில் வறண்ட பழைய கிளிப் கழற்றும்போதே முறியும்.

இதையே அடுத்தவர் வண்டியில் கூலிக்குச் செய்யும் நாள் வரும். அன்றைக்குக் கை வைப்பதற்கு முன்பே, கிளிப் சில உடையலாம், அதற்கு இவ்வளவு ஆகும் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறலை அவர் முன்னாலேயே படம் எடுங்கள். முடித்த பிறகு பழைய கிளிப்பையும் நனைந்த அட்டைத் துண்டையும் அவர் கையில் கொடுத்து, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று காட்டுங்கள். மதுரை அண்ணன் கடைக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்கள் இதற்காகத்தான் வந்தார்கள்.

மாட்டும்போது எல்லாக் கிளிப்பையும் துளைக்கு நேரே வைத்து, ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தட்டுங்கள். டப் என்ற சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டிலில் லாடக் கம்பியை முதலில் பொருத்திவிட்டுப் பிறகு தண்டில் தட்டி ஏற்றுங்கள். அட்டை தகட்டோடு உரசும் இடங்களில் ஃபெல்ட் துணிப் பட்டை ஒட்டலாம். முடிந்ததும் கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துக் கதவை ஓங்கிச் சாத்திப் பாருங்கள். எங்காவது கிணுகிணுத்தால், அந்த இடத்தில் விரலை அழுத்தி மறுபடி சாத்துங்கள். சத்தம் நின்றால், விரலுக்கு அடியில் இருக்கும் கிளிப் இன்னும் இறங்கவில்லை.