குளிர்யந்திரத்தை ஆளும் கருவி: வைஃபை தெர்மோஸ்டாட் பற்றி ஒரு பாடம்

மரக்காணம் உப்பளப் பகுதியில் உள்ள ஒரு சங்கத்தின் கணக்குகளைச் சென்ற கோடையில் நாம் ஆய்வு செய்தபோது, பல்லாண்டுகளாகத் தவணை தவறாத ஓர் உறுப்பினரின் பேரில் இரண்டு தவணைகள் நிலுவையில் நிற்கக் கண்டோம். அவர் உப்பளத்தில் வேலை செய்பவர். சிறிதளவு நிலத்தில் தர்பூசணியும் பயிரிடுபவர். காரணம் வினவியபோது அவர் மறுமொழி கூறவில்லை. மின்கட்டணச் சீட்டை எடுத்து நம் கையில் கொடுத்தார்.

வயது முதிர்ந்த தாயார் கோடை இரவுகளில் உறக்கமின்றி வருந்தியதால் அவர் ஏ.சி. யந்திரம் ஒன்று வாங்கியிருந்தார். அது 18 டிகிரியில் வைக்கப்பட்டு இரவு 10 மணிக்கு ஓடத் தொடங்கும். அதிகாலை நாலரை மணிக்கு அவர் உப்பளம் செல்வார். தாயாரும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். ரிமோட்டைக் கையாள அம்மையாருக்குத் தெரியாது. ஆகவே மகன் திரும்பும் ஒன்பது மணி வரை ஆளில்லாத அறை குளிர்ந்துகொண்டிருந்தது. அதனை நிறுத்தவல்ல செயலியோ, உப்பளத்தில் நின்ற அவருடைய சட்டைப் பையிலிருந்த கைபேசியிலேயே இருந்தது. யந்திரத்தைப் பொருத்தியவர் அதனைப் பதிவு செய்து கொடுத்தாரே ஒழிய, பயன்படுத்தும் முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

தெர்மோஸ்டாட் என்பது யாது?

வெப்பநிலையை நாம் குறித்த அளவில் நிறுத்தி வைக்கும் கருவியே தெர்மோஸ்டாட். நெசவாளர்களுக்கு இக்கருவி அந்நியமன்று. 1830-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ யூர் என்னும் ரசாயன அறிஞர், நெசவாலைகளில் வெப்பம் சீராக இருக்கவேண்டும் என்று கருதியே இதற்குக் காப்புரிமை பெற்றார். இரு வேறு உலோகத் தகடுகளை ஒன்றாக இணைத்துச் சூடேற்றினால், ஒன்று மற்றதைவிட மிகுதியாக விரியும். அதனால் இணைப்பு வளையும். அவ்வளைவைக் கொண்டே கருவி இயங்கிற்று. ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரையும் 1906-இல் அமெரிக்க நூலாலைகளின் பொறியாளரான ஸ்டூவர்ட் கிரேமர் என்பவரே வழங்கினார். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியும், கோழி முட்டைகளை ஏறத்தாழ 37.5 டிகிரியில் காக்கும் பொரிப்பானும் இதே தத்துவத்தால் இயங்குகின்றன.

குளிர் நாடுகளில் இக்கருவி சுவரில் தனியே பொருத்தப்பட்டு, வீட்டைச் சூடாக்கும் அடுப்பை ஆள்கிறது. நம் நாட்டிலோ அது ஏ.சி. யந்திரத்தினுள்ளேயே அடங்கியுள்ளது. அறைக் காற்றின் வெப்பத்தை உணரும் சிறு உறுப்பு ஒன்று அதில் உண்டு. குறித்த அளவுக்குக் காற்று குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்கும். இன்வெர்ட்டர் வகையானால் வேகம் குறையும். வைஃபை என்பது இதனுடன் கைபேசியை இணைக்கும் கம்பியில்லாத் தொடர்பு, அவ்வளவே.

ஒரு தவறான எண்ணம்

16 அல்லது 18-இல் வைத்தால் அறை விரைவில் குளிரும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நாம் குறிக்கும் எண், எங்கே நிற்கவேண்டும் என்பதைச் சொல்லுகிறதே தவிர, எவ்வளவு விரைவாக ஓடவேண்டும் என்பதைச் சொல்லுவதில்லை. 18 என்று குறித்தால் கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடும், அதுவே விளைவு. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. 2020 ஜனவரி முதல் அறை ஏ.சி. யந்திரங்கள் தொடக்கத்தில் 24 டிகிரியில் இயங்குமாறு அமைக்கப்படவேண்டும் என்ற விதியும் இதனாலேயே வந்தது.

நம் கடற்கரையில் இரவு நேரத்து வருத்தத்திற்கு வெப்பத்தைவிட ஈரப்பதமே பெருங்காரணம். காற்று ஈரமாயின் வியர்வை உலராது, உடல் ஆறாது. ஆகையால் 24 முதல் 26 வரை வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுவதே போதுமானது. ஈரத்தை உறிஞ்சும் ‘டிரை’ முறையையும் முயன்று பார்க்கலாம்.

நேர அட்டவணை

செயலியில் ‘ஷெட்யூல்’ என்ற பகுதியைத் திறந்து, மேற்கூறிய வீட்டுக்கு இவ்வாறு அமைத்தோம்: இரவு 10 மணிக்கு 24 டிகிரியில் தொடக்கம், அதிகாலை 4.30-க்கு நிறுத்தம், எல்லா நாட்களுக்கும்.

இதன் பயனை உத்தேசமாகக் கணக்கிடுவோம். யந்திரம் மணிக்குச் சராசரி ஒரு யூனிட் செலவழிப்பதாகக் கொண்டால், பதினொரு மணி நேரத்திற்கு 11 யூனிட். அறுபது நாட்களுக்கு 660 யூனிட். ஆறரை மணி நேரமாகக் குறைத்தால் 390 யூனிட். 18-இலிருந்து 24-க்கு உயர்த்தினால் அதிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்து 260 யூனிட் ஆகும். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதாகையால், மிச்சமாகும் யூனிட்டுகள் மேற்படியில் உள்ள விலையுயர்ந்த யூனிட்டுகளே என்பதையும் மறத்தலாகாது.

கவனிக்க வேண்டியவை

1. சில யந்திரங்களில் அட்டவணை யந்திரத்திலேயே தங்கும். சிலவற்றில் இணையத்தின் வழியே வரும். வாங்குமுன் இதனைக் கேட்டறிக. வீட்டில் ரவுட்டரை அணைத்துவிட்டு, குறித்த நேரத்தில் யந்திரம் நிற்கிறதா எனச் சோதித்துப் பார்க்க.

2. மின்தடை நீங்கியபின் யந்திரம் தானே ஓடத் தொடங்குமா, அட்டவணை மாறாமல் இருக்குமா என்பதையும் அறிந்துகொள்க.

3. வைஃபையின் கடவுச்சொல்லைப் பிறரிடம் கூறற்க. கைபேசியை விற்குமுன் செயலியிலிருந்து யந்திரத்தின் பதிவை நீக்குக.

4. உப்புக் காற்று வெளிப்பெட்டியின் உலோகத் தகடுகளை அரிக்கும். தகடுகள் அரித்துப்போனால் எந்த அட்டவணையும் பயன் தராது. வாங்கும்போது அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ளதா என்று விசாரிக்க. மின்சாரத்தை அறவே நிறுத்திய பின், தகுந்த பணியாளரைக் கொண்டு நல்ல நீரால் மெதுவாகக் கழுவச் செய்க. உட்பெட்டியின் வடிகட்டியை இரு வாரத்திற்கொருமுறை துடைக்க.

5. வீட்டிலுள்ள முதியோருக்கும் ரிமோட்டின் நிறுத்தும் பொத்தானைக் காட்டிக் கொடுக்க. அதன்மேல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினால் போதும்.

அடுத்த மின்கட்டணச் சீட்டு வந்தபின் மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றோம். அவ்வுறுப்பினரின் நிலுவை முழுவதும் தீரவில்லை. ஆனால் புதிய தவணை உரிய நாளில் வரவு வைக்கப்பட்டிருந்தது. தாயார் நன்றாக உறங்குகிறார் என்றும், காலையில் யந்திரம் தானே நிற்பதைக் கண்டு முதலில் பழுதாகிவிட்டதென்று அஞ்சினார் என்றும் அவர் கூறினார்.

கடன் பெற்று யந்திரம் வாங்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அதனை ஆளும் முறையையும் உடன் கற்பிப்பது சங்கத்தின் கடமையாகும். அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குமாறு சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.