ஸ்பேஸ்பாரைத் தொடாதீர்கள்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம்: 92 என்பது 99-இல் பாதி. ஒரு திறனில் 99-ஆம் லெவலைத் தொட 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். 92-இல் வந்து நிற்கும்போது கையில் இருப்பது 65,17,253தான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்தான் என் ஆட்டத்தையும் கெடுத்தவர். பெயர் வேண்டாம். நான் சேர்ந்திருந்த குழுவின் தலைவர். எதைப் பற்றிக் கேட்டாலும், "மணிக்கு எவ்வளவு எக்ஸ்பி வரும்?" என்று திருப்பிக் கேட்பார்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் ரூன்ஸ்கேப் ஆடியவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ஆட்டத்தைத் தனியாக இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே ஓடியது. அதனால்தான் எங்களுக்கெல்லாம் எட்டியது. பிறகு ஆட்டம் அடையாளம் தெரியாமல் மாறிப்போக, பழைய ஆட்கள் பழைய ஆட்டத்தையே விடாமல் கேட்டார்கள். கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதியைத் தூசி தட்டி, 2013 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. ஊரடங்கு முடிந்தபின் நானும் திரும்பினேன். வேலை, சமையல், பிள்ளைகளைத் தூங்கவைப்பது எல்லாம் முடிந்து பத்தரைக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம். உங்களுக்கும் அவ்வளவுதானே கிடைக்கும்?

நேரமில்லை என்றதும் தலைவர் குவெஸ்ட்டுகளின், அதாவது கதையோடு வரும் பணிகளின், பட்டியல் ஒன்றை அனுப்பினார். முதலில் இருந்தது வாட்டர்ஃபால் குவெஸ்ட். எந்த லெவலும் கேட்காது. முடித்தால் அட்டாக்கிலும் ஸ்ட்ரென்த்திலும் தலா 13,750 எக்ஸ்பி. ஒன்றாம் லெவல் ஆள் நேரே 30-க்குப் போய்விடலாம். "வசனத்தையெல்லாம் எவன் படிப்பான்? ஸ்பேஸ்பாரைத் தட்டிக்கிட்டே போ தம்பி" என்றார். தட்டினேன். குவெஸ்ட் ஹெல்ப்பர் பிளகின் அம்பு காட்டிய இடத்திலெல்லாம் கிளிக் செய்தேன். முடிந்தது. அதே மாதிரி அடுத்தது, அதற்கடுத்தது. எண்கள் ஏறின. ஒருநாள், சந்தா இன்னும் முடியாதபோதே, உள்ளே போகப் பிடிக்கவில்லை. குழுவில் சொன்னேன். "உனக்குப் பொறுமை இல்லை" என்று தீர்ப்பு வந்தது. அந்த வாட்டர்ஃபால் குவெஸ்ட்டில் நெருப்பு ராட்சதர்கள் நடுவே மூன்றாம் சண்டை லெவலில் ஓடியவனுக்கா பொறுமை இல்லை?

விலகிப்போய் மறுபடி வந்தபோது புதுக் கணக்கு தொடங்கினேன், அயர்ன்மேன் முறையில். 2014-இல் வந்த முறை அது. மற்ற ஆட்டக்காரர்களிடம் எதையும் வாங்க முடியாது, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தையும் கிடையாது. மீன் வேண்டுமா, நீயே பிடி. அம்பு வேண்டுமா, மரத்தை வெட்டு. பழைய கணக்கில் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டாயே என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

அந்த வாட்டர்ஃபால் குவெஸ்ட்டை இந்த முறை படித்தேன். அருவிக்கு அருகில் ஹேட்லி என்பவரின் வீட்டு மாடியில் ஒரு புத்தகம் இருக்கிறது. பாக்ஸ்டோரியன் என்ற எல்ஃப் அரசன், அவன் மனைவி கிளேரியல், இருவரின் கதை. அவளைப் பிரிந்த அரசன் அருவிக்கு அடியில் தான் கட்டிய வீட்டுக்குள் போய்விடுகிறான். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குள் தடையின்றி நுழையக்கூடியவள் அவள் மட்டுமே. இது தெரிந்தபின்தான் மற்றவை விளங்கின. கிளேரியலின் கல்லறைக்குள் ஆயுதத்தோடும் கவசத்தோடும் போக முடியாதது ஏன்? அவள் அமைதி கெடக்கூடாது. அருவிக் கதவைத் திறக்க அவளுடைய பதக்கம் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் திறந்தால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். கடைசியில் பதக்கத்தை அவள் சிலைக்கு அணிவித்து, அவள் அஸ்தியை அவன் கிண்ணத்தில் சேர்க்கிறோம். இத்தனை காலம் கழித்து அவளை அவனிடம் கொண்டுவந்து சேர்த்ததே நாம்தான். முதல் தடவை இது எனக்கு என்னவாக இருந்தது தெரியுமா? இந்தப் பொருளை அந்தப் பொருள்மேல் வை, 13,750 வாங்கிக்கொள். அந்த ஒரு மணி நேரத்தைத் தலைவர் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

மற்ற யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இசையை அணைக்காதீர்கள், புது இடத்துக்குப் போகும்போது புதுப் பாட்டு திறக்கும், சேகரித்து வைக்கலாம். வெளியாளிடமிருந்து ஆட்டக் காசு வாங்காதீர்கள், கணக்கே போய்விடும். ஒன் ஸ்மால் ஃபேவர் குவெஸ்ட்டை எல்லாரும் திட்டுவார்கள், நம்பாதீர்கள். ஷைலோ கிராமத்தில் ஒருவர் கொஞ்சம் மரம் வாங்கிவரச் சொல்வார். மரக்காரர் கோடரியைத் தீட்டச் சொல்லி போர்ட் சாரிமுக்கு அனுப்புவார். அங்கே இருப்பவர் இன்னொரு உதவி கேட்பார். இப்படியே உலகம் முழுக்கச் சுற்ற விடுவார்கள். அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு அது சிரிப்பு மூட்டும். வேகமாக முடிக்கப் பார்க்கிறவர்களுக்கு எரிச்சல்தான். லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையல்காரருக்கு முட்டை, பால், மாவு கொண்டுகொடுக்கும் முதல் குவெஸ்ட்டையும் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். 2006-இல் வந்த நூறாவது குவெஸ்ட்டான ரெசிப்பி ஃபார் டிசாஸ்டர் அதே ஆளிடம்தான் தொடங்குகிறது. அதை முழுதாக முடிக்க 175 குவெஸ்ட் புள்ளி வேண்டும். எனக்கு இன்னும் சேரவில்லை, அவசரமும் இல்லை.

வாட்டர்ஃபால் குவெஸ்ட் இலவச ஆட்டத்தில் கிடையாது, சந்தா கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குக் கட்டினால் போதும். நேராக அருவி ஓரத்து வீட்டில் இருக்கும் அல்மெராவிடம் போங்கள். மகனைக் காணோம் என்று புலம்பிக்கொண்டிருப்பார். அம்பு காட்டும் பிளகினை அணைத்துவிட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள்.