பாப்பாரப்பட்டி எந்த மாவட்டத்தில் இருந்தது?

கேள்வி: இணையக் கலைக்களஞ்சியங்களில் தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்பில் வரும் சிறு பிழைகளைப் பெரிதுபடுத்த வேண்டுமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்து தருமபுரி மாவட்டத்தில் இறந்தார் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அவர் 1884-இல் பிறந்த வத்தலக்குண்டு அப்போது மதுரை மாவட்டம். பாப்பாரப்பட்டி சேலம் மாவட்டம். தருமபுரி 1965-இல்தான் தனி மாவட்டமானது, திண்டுக்கல் 1985-இல். இடம் புரிந்தால் போதாதா என்பார்கள். அவருடைய கடைசி நாட்களைப் பற்றிய அரசுக் கோப்புகளைத் தேடும் மாணவர் சேலம் ஆவணங்களையல்லவா புரட்ட வேண்டும்? இதைவிடக் கவலை தருவது சிறை பற்றிய வரிகள். 1908-இல் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்தது 10 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912-இல் வெளியே வந்துவிட்டார். விதித்த தண்டனையை அனுபவித்த தண்டனையாக எழுதினால், விடுதலைக்குப் பின் தொழுநோயோடு அவர் உழைத்த ஆண்டுகளே காணாமல் போகும்.

யார் வேண்டுமானாலும் திருத்தலாமே, பிழை தானாக மறையும் என்ற வாதம் பாதிதான் உண்மை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு இணைத்த பொய், 2005-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு மாதங்கள் கிடந்தது. திருத்துவோர் குறைவான தமிழில் இன்னும் நெடுநாள் கிடக்கும். அதற்குள் பள்ளிக் கட்டுரை, நினைவுநாள் செய்தி என்று பிழை அச்சேறிவிடும். பிறகு அந்த அச்சையே சான்றாகக் காட்டுவார்கள். ஊதியமின்றி எழுதும் தன்னார்வலர்களை நான் மதிக்கிறேன். நூலின் பெயரும் பக்க எண்ணும் இல்லாமல் ஒரு தேதியைக்கூட ஏற்றாதீர்கள் என்றே அவர்களைக் கேட்கிறேன்.